ஆடு மேயாத புல்

நம்மவர் வீடுகளின் முகப்பில் அண்மைக் காலமாக ஒரு புதுப் பெருமை குடியேறியிருக்கிறது. வாயிற்கதவைக் கடந்து உள்ளே நுழைந்தால், படி வரைக்கும் ஒரே உயரத்தில், ஒரே நிறத்தில், ஒரே இனத்தில் கம்பளம் விரித்தாற்போல் ஒரு புல்தரை. கொரியன் புல் என்று அதற்குப் பெயர் சொல்கிறார்கள். பாய்போலச் சுருட்டி வண்டியில் ஏற்றிக் கொண்டுவந்து விரித்துவிட்டுப் போகிறார்கள். பக்கத்தில் ஒரு சிறு பலகை: "புல்லின்மேல் நடவாதீர்." வளைகுடா நாடுகளில் வியர்வை சிந்தி ஈட்டிய பொருளால் எழுந்த வீடுகளில் தொடங்கிய இவ்வழக்கம், திருமண மண்டபங்களைக் கடந்து, அறபுக் கல்லூரிகளைக் கடந்து, இன்று பள்ளிவாசல்களின் முன்றிலுக்கே வந்து சேர்ந்திருக்கிறது.

இதைக் குறித்து நாம் ஒன்று சொன்னால், "அழகுக்காகத்தானே, ஹஸரத்! அல்லாஹ் அழகை விரும்புகிறவன் அல்லவா?" என்று கேட்கிறார்கள். அழகை வெறுப்பவர் அல்லோம் நாம். ஆனால், அவர்கள் எடுத்துக்காட்டும் அந்த நபிமொழி எந்த இடத்தில் பிறந்தது என்பதை அவர்கள் எண்ணிப் பார்ப்பதில்லை. உள்ளத்தில் அணுவளவு பெருமை உள்ளவர் சுவனம் புகார் என நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் எச்சரித்தபோது, நல்ல உடையையும் நல்ல காலணியையும் விரும்புவது அப்பெருமையில் சேருமா என்று ஒருவர் வினவினார். அதற்கு விடையாகவே அழகைப் பற்றிய சொல் வந்தது. வந்தவுடன், பெருமையாவது உண்மையைப் புறக்கணிப்பதும் மக்களை இழிவாகக் கருதுவதுமே என்ற விளக்கமும் வந்தது. முன்னும் பின்னும் பெருமையைக் கண்டிக்கின்ற ஒரு நபிமொழியின் நடுத்துண்டை மட்டும் வெட்டியெடுத்துப் பெருமைக்கே சான்றாக நிறுத்துவது எந்த மத்ஹபில் உள்ள சட்டமோ, நாம் அறியோம்.

புல்லைப் பற்றி நம் மார்க்கம் பேசாமல் இல்லை, நிறையவே பேசியிருக்கிறது. 'அபஸ' அத்தியாயத்தில் பழத்தோடு சேர்த்து 'அப்பு' என்றொரு சொல் வருகிறது. உமர் (ரலி) அவர்கள் அவ்வசனத்தை ஓதிவந்து, பழம் இன்னதென்று தெரிகிறது, இந்த 'அப்பு' என்பது என்னவோ என்று கேட்டு, பிறகு, இதைத் துருவிக்கொண்டிருப்பது வீண்சுமை என்று தம்மைத் தாமே கடிந்துகொண்டதாக விரிவுரையாளர்கள் எழுதுகிறார்கள். கால்நடைகள் மேயும் புல் பூண்டு என்பதே அச்சொல்லுக்குப் பெரும்பாலோர் கொண்ட பொருள். அதற்கு அடுத்த வசனமே இவையெல்லாம் உங்களுக்கும் உங்கள் கால்நடைகளுக்கும் பயன்பொருள் என்று கூறிவிடுகிறது. 'அஃலா' அத்தியாயத்தில் வரும் 'மர்ஆ'வும் மேய்ச்சல் புல்லே. அறபு அகராதியார் பசுமையாக நிற்பதை 'கலா' என்றும், உலர்ந்ததை 'ஹஷீஷ்' என்றும், இரண்டையும் சேர்த்துக் 'கலஉ' என்றும் பிரித்து வழங்குவர். தண்ணீர், கலஉ, நெருப்பு ஆகிய மூன்றிலும் மக்கள் யாவரும் பங்காளிகள் என்று வரும் புகழ்பெற்ற நபிமொழியில் உள்ளது இந்தச் சொல்தான். மிஞ்சிய தண்ணீரைத் தடுத்துவைத்து அதன் வாயிலாக மேய்ச்சலையும் தடுத்துவிடாதீர்கள் என்று வேறொரு நபிமொழி விலக்குகிறது.

வாசகர்கள் இங்கே சற்று நின்று எண்ண வேண்டுகிறோம். இறைமறையிலும் நபிமொழியிலும் புல்லோடு தண்ணீர் பேசப்படுகிறது. ஆடும் ஒட்டகமும் பேசப்படுகின்றன. அண்டை வீட்டாரின் உரிமை பேசப்படுகிறது. நம் வாசலில் விரித்திருக்கும் புல்லோ ஆடு மேயாத புல். குழந்தை ஓடாத புல். பூக்காத புல், பூக்கத் தலையெடுத்தால் கத்தரி வந்துவிடும். அது செய்யும் தொழில் ஒன்றே: தண்ணீரைக் குடிப்பது, பார்ப்பவர் கண்ணுக்கு வீட்டுக்காரரின் செல்வத்தைச் சொல்வது.

இன்னொன்றையும் கூறுவோம். மேய்ச்சலை வெளிப்படுத்துபவனாக இறைவனைப் புகழும் 'அஃலா' அத்தியாயம் அத்தோடு நில்லாமல், பின்னர் அதைக் கருகிய சருகாக ஆக்குபவனும் அவனே என்று தொடர்கிறது. தளிர்ப்பதும் காய்வதும் அவன் ஆட்சியின் இரண்டு முகங்கள். நம் நாட்டில் சித்திரையிலும் வைகாசியிலும் புல் காயும், ஐப்பசியில் உயிர்க்கும். மண்ணுக்கு அது ஓய்வு. இந்தப் புல்தரைக்காரர்களோ தங்கள் வாசலில் மட்டும் கோடை வரக்கூடாது என்கிறார்கள்.

இவ்வழக்கம் எங்கிருந்து வந்தது? ஐரோப்பியப் பிரபுக்களின் மாளிகைகளிலிருந்து வந்தது. அரிவாள் பிடித்த கூலியாட்கள் பலரை வைத்து ஓயாமல் புல்லை அறுக்கச் செய்ய வல்லவர்க்கே அந்நாளில் அது இயலும். உழவும் இல்லை, மேய்ச்சலும் இல்லை; இவ்வளவு நிலத்தை வீணே போட்டுவைக்க என்னால் முடியும் என்று ஊருக்குக் காட்டுவதே அதன் உட்பொருள். 1830-இல் இங்கிலாந்தில் எட்வின் பட்டிங் என்பவர், நெசவாலையில் துணியின் மேற்பஞ்சைச் சீவும் கருவியைப் பார்த்துப் புல்வெட்டும் இயந்திரத்தை அமைத்தார். அதன் பின்னரே இப்பழக்கம் நடுத்தரக் குடும்பங்களுக்கு இறங்கியது. மழைத்தூறலும் மந்தாரமும் நீங்காத நாட்டில் அது பெருந்தீங்கு செய்யவில்லை. ஆள வந்தவர்கள் அதை வெயில் நாடுகளுக்கும் உடன் கொண்டுசென்றார்கள்.

நம் முன்னோரின் தோட்டங்களையும் அது விட்டுவைக்கவில்லை. தாஜ்மஹாலைக் காணச் செல்வோர் அங்கே விரிந்துள்ள புல்வெளியைப் பார்த்து, முகலாயர் ரசனையே ரசனை என்று வியந்து திரும்புகிறார்கள். அது முகலாயர் ரசனை அன்று. ஷாஜஹான் அமைத்தது நான்காகப் பகுத்த 'சார்பாக்' தோட்டம். கனிமரங்களும் மலர்ப்பாத்திகளும் அடர்ந்தது. பதினேழாம் நூற்றாண்டில் அங்கே சென்ற பிரெஞ்சுப் பயணி பெர்னியர் அதன் பூக்களைக் குறித்து எழுதியிருக்கிறார். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கர்சான் பிரபு அரசப் பிரதிநிதியாக இருந்தபோது செய்த சீரமைப்பில்தான் அது ஆங்கிலேய மாளிகையின் முன்றில்போல் ஆக்கப்பட்டது. அந்த வமிசத்தின் மூலவரான பாபர், காபூல் மலையடிவாரங்களில் தாமாகப் பூக்கும் துலிப் மலர்களை இனம் பிரித்து எண்ணச் செய்து, 32 அல்லது 33 வகை என்று தம் வாழ்க்கை நூலில் பதிந்துவைத்தவர். போர்க்களமே வாழ்வாகக் கொண்ட ஒருவருக்குக் காட்டுப் பூவை எண்ண நேரம் இருந்திருக்கிறது. அவருக்கும் ஆறு நூற்றாண்டுகளுக்கு முன்னரே, 895-ஆம் ஆண்டளவில் மறைந்த அபூஹனீஃபா அத்தீனவரி, பாலைவன அறபிகள் வழங்கிய செடிகொடிப் பெயர்களைத் திரட்டித் தாவர நூலே இயற்றினார். (இவர் நம் இமாம் அபூஹனீஃபா அல்லர், மாணவர்கள் மயங்குவதுண்டு.) காட்டுச் செடியைப் பெயர் சொல்லி அழைத்தல் நம் கல்வி மரபுக்குப் புறம்பானது அன்று.

இதில் நகைப்புக்குரிய செய்தி, கொடுத்தவர்களே இப்போது திரும்பப் பெற்றுக்கொண்டிருக்கிறார்கள் என்பது. கேம்பிரிட்ஜ் நகரின் கிங்ஸ் கல்லூரியில் 1772 முதல் பேணப்பட்டுவந்த பெரும் புல்தரையில் ஒரு பகுதியை எடுத்துவிட்டு, 2019-இல் அந்நாட்டுக் காட்டுப்பூ விதைகளைத் தூவினார்கள். 2020-இல் பூத்தது. 2023-இல் வெளிவந்த ஆய்வில், எஞ்சிய புல்தரையைக் காட்டிலும் அங்கே செடிகளும் சிலந்திகளும் பூச்சிகளும் மூன்று மடங்குக்கும் மேற்பட்ட வகைகளில் காணப்பட்டன. அமெரிக்காவின் நெவாடா மாநிலம் 2021-இல் சட்டமே இயற்றிவிட்டது: லாஸ் வேகாஸ் வட்டாரத்தில், சாலையோரங்களிலும் அலுவலக முகப்புகளிலும் வெறும் காட்சிக்காக உள்ள புல்தரைகளுக்கு 2026-ஆம் ஆண்டு முடிந்தபின் கொலராடோ ஆற்று நீர் கிடையாது. அதே கேம்பிரிட்ஜில் 2019-இல் திறக்கப்பட்ட மத்தியப் பள்ளிவாசலின் முகப்பிலும் அமைத்தது புல்தரையை அன்று; நீரூற்றோடு கூடிய இஸ்லாமிய மரபுத் தோட்டத்தை. அங்குள்ளவர்கள் கழித்துக்கட்டுவதை இங்குள்ளவர்கள் காசு கொடுத்து வாங்குகிறோம்.

இனித் தண்ணீர்க் கணக்கைப் பார்ப்போம். இதில் ஊகம் ஒன்றும் வேண்டியதில்லை. நம் கோடையில் ஒரு சதுர மீட்டர் புல்தரை பசுமை மாறாமல் நிற்க நாளொன்றுக்கு ஏறத்தாழ 5 லிட்டர் நீர் வேண்டும். வெயிலும் காற்றும் அவ்வளவை உறிஞ்சிவிடுகின்றன. ஆயிரம் சதுர அடி என்பது 93 சதுர மீட்டர். ஆகவே நாளுக்கு 450 லிட்டருக்கு மேல். நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் ஒரு 'முத்து' அளவு நீரில் ஒளுச் செய்ததாக ஸஹீஹான நூல்களில் வந்திருக்கிறது. ஷாபிஈகள் கணக்கில் முத்து என்பது ஏறத்தாழ முக்கால் லிட்டர். ஹனஃபிகள் கணக்கில் ஏறத்தாழ ஒரு லிட்டர். பெரிய கணக்கையே எடுத்துக்கொண்டாலும், ஒரு வாசலின் புல் ஒரு நாளில் குடிப்பது 450 பேர் ஒளுச் செய்யும் தண்ணீர். நூறு நாள் கோடைக்கு 45,000 லிட்டர். ஓடுகின்ற ஆற்றங்கரையிலும் ஒளுவில் நீரை விரயம் செய்யாதே என்று போதிக்கும் அறிவிப்பை மக்தபில் பிள்ளைகளுக்கு ஓதிக்கொடுத்துவிட்டு, வெளியே வந்து குழாயைத் திறந்துவிடுகிறோமே, பிள்ளைகள் எதை நம்புவார்கள்?

இந்நீர் வானத்திலிருந்து வருவதன்று, பூமிக்குள்ளிருந்து வருகிறது. ஆழ்துளைக் கிணறு என் நிலத்தில் இருக்கலாம். அதன் அடியிலுள்ள நீர் என் எல்லைக்கல்லைப் பார்த்து நிற்பதில்லை. கடற்கரை ஊர்களில் நிலைமை இன்னும் கடுமையானது. நன்னீர் அங்கே உப்புநீரின் மேல் மெல்லிய படலமாக மிதக்கிறது. மேலே உள்ளதை மிகுதியாக இறைத்தால் கீழே உள்ள உப்பு ஏறிவரும். ஏறியபின் அது முதலில் கெடுப்பது, ஆழ்துளை போட வசதியற்ற அண்டை வீட்டாரின் உறைகிணற்றை. 2019-ஆம் ஆண்டுக் கோடையில் சென்னைக்கு நீர் தரும் ஏரிகள் வறண்டு, ஜோலார்பேட்டையிலிருந்து தொடர்வண்டியில் குடிநீர் வந்ததை நாம் மறந்திருக்க முடியாது. குடத்தோடு உம்மாமார் தெருவில் நின்ற அந்நாட்களிலும் சில வாசல்கள் பச்சையாகவே இருந்தன. அண்டை வீட்டார் பசித்திருக்கத் தான் மட்டும் வயிறு நிரம்ப உண்பவரைப் பற்றிய எச்சரிக்கை நமக்கு மனப்பாடம். தாகத்துக்கு அது பொருந்தாதா?

ஓர் ஊரில் நாம் கண்டதைச் சொல்வோம். ஊரின் பெயர் வேண்டாம். பள்ளிவாசலின் முன்றிலில் ஒரு பெரிய வேம்பும், அதன் கீழ்ப் பல தலைமுறையாகத் தாமே முளைத்துவந்த செடிகளும் இருந்தன. அஸருக்குப்பின் பெரியவர்கள் அங்கே அமர்வார்கள். மக்தப் பிள்ளைகள் ஓடிப்பிடித்து விளையாடுவார்கள். புதிய நிர்வாகம் வந்தது. வேம்பை வெட்டிச் செடிகளை வழித்தெறிந்து புல்தரை விரித்தார்கள். வைகாசியில் ஹவுளில் நீர் இறங்கி, ஜும்ஆ நாளன்று லாரித் தண்ணீர் வாங்கினார்கள். அன்று மாலையும் புல்லுக்குத் தெளிப்பான் சுழன்றுகொண்டிருந்தது. புல் காய்ந்துவிட்டால் போட்ட பணம் வீணாகுமே என்று விளக்கம் தந்தார்கள்.

அது யாருடைய பணம்? வக்ஃபின் பணம். ஹனஃபி மத்ஹபின் அடிப்படை நூல்களில் ஒன்றான 'ஹிதாயா', பள்ளியை அழகுசெய்ய விரும்புவோர் தம் கைப்பொருளால் செய்துகொள்ளலாம் என்றும், முத்தவல்லி வக்ஃபுப் பொருளைக் கட்டடத்தின் உறுதிக்குச் செலவிடலாமே அன்றி அலங்காரத்துக்கு அன்று, செலவிட்டால் அவரே ஈடுகட்ட வேண்டும் என்றும் கூறுகிறது. சுவரில் தீட்டும் பூவேலைக்கே இச்சட்டம் என்றால், தினமும் தண்ணீர் கேட்கும் அலங்காரத்துக்கு என்ன சொல்வது? ஜமாஅத்தார் தங்கள் ஊர் ஆலிம்களைக் கேட்டறிவார்களாக.

நாம் வழித்தெறிந்தவை யாவை என்பதையும் பார்க்க வேண்டும். தும்பை, மழை நின்ற கையோடு வெள்ளை வெள்ளையாய் மலர்ந்து தேனீக்களை அழைப்பது. சளி பிடித்த பிள்ளைக்கு மூத்தும்மாமார் அதன் இலையைத்தான் தேடினார்கள். ஆவாரை, கோடையிலும் மஞ்சள் குன்றாதது. ஞாயிற்றை நோக்கித் திரும்பும் நெருஞ்சி; முள் உண்டுதான், மறுக்கவில்லை. தரையோடு படர்ந்து நீலக்கண் விழிக்கும் விஷ்ணுகிரந்தி, துத்தி, சிறுபூளை, நாயுருவி, கீழாநெல்லி, மூக்கிரட்டை. எருக்கின் இலையில்தான் கறுப்பு விளிம்பிட்ட செம்மஞ்சள் வண்ணத்துப்பூச்சி முட்டையிடுகிறது. எருக்கை வெட்டினால் அப்பூச்சி அவ்வாசலுக்கு வாராது. மிஸ்வாக்குக்குரிய உகா மரம் நம் கடற்கரையில் தானே வளரும் மரம். அதன் குச்சியைப் பெட்டியில் அடைத்து விலைக்கு வாங்குகிறோம், மரத்தைப் புதரென்று வெட்டுகிறோம். அறுகைப் பற்றிச் சொல்லவும் வேண்டுமோ! வரப்பில் முளைத்தால் களை. 'பெர்முடா புல்' என்று ஆங்கிலப் பெயர் சூட்டி விளையாட்டுத் திடலில் விரித்தால் அதே இனத்துக்கு விலை. தேனீயின் பெயரால் ஓர் அத்தியாயத்தையே வேதத்தில் பெற்றிருக்கும் சமுதாயம் நாம். கொரியன் புல் விரித்த வாசலில் ஒரு தேனீ இறங்கி எதை எடுத்துச்செல்லும்?

"தூய்மை ஈமானைச் சேர்ந்தது; காடாக விட்டால் தூய்மை எங்கே?" என்று கேட்பவர்கள் உண்டு. தூய்மையாவது அசுத்தம் நீங்கியிருத்தல். தும்பை அசுத்தமா? நஜீஸின் வகைகளில் எந்த இமாம் அதைச் சேர்த்தார்? களை என்னும் தமிழ்ச் சொல்லும் பயிருக்கு நடுவே நிற்கும் வேண்டாத செடியையே குறிக்கும். பயிர் இல்லாத இடத்தில் களை ஏது? பச்சைச் செடியைப் பற்றி நம் ஃபிக்ஹு காட்டும் பரிவு, கபுறுகள் பற்றிய பாடத்தில் இருக்கிறது. இரண்டு கபுறுகளின் மேல் பச்சை ஈச்ச மட்டையைப் பிளந்து நட்டு, இவை காயாதிருக்கும்வரை வேதனை இலேசாகலாம் என நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் நம்பிக்கை தெரிவித்த செய்தியிலிருந்து, பசுமையாய் உள்ளவற்றின் தஸ்பீஹைச் சட்ட அறிஞர்கள் நினைவூட்டினர். மையவாடியில் பசும்புல்லைப் பிடுங்குவது மக்ரூஹ், காய்ந்ததை எடுக்கலாம் என்று இப்னு ஆபிதீன் எழுதினார். கபுறின் மேல் வைத்த பச்சை மட்டையைக் காயுமுன் எடுத்தல் கூடாது என ஷாபிஈகளில் இப்னு ஹஜர் அல்ஹைதமி எழுதினார். அந்த மையவாடிகளிலும் இன்று மருந்தடித்துச் செடிகளை எரித்துவிட்டுச் சிமெண்டுக் கற்கள் பாவுகிறார்கள். அது தனிக்கட்டுரைக்குரிய துயரம்.

பாம்பு வரும் என்பது அடுத்த வாதம். அச்சம் நியாயமானதே, கேலி செய்ய மாட்டோம். ஆயினும் பாம்பு பூவைத் தேடி வருவதில்லை. எலியையும் தவளையையும் தேடி வருகிறது. எலி, கொட்டிய சோற்றையும் குவித்த கல்லையும் தேடி வருகிறது. வாசற்படியிலிருந்து இரண்டு மூன்று பாகம் வெறுந்தரையாக விட்டு, நடைபாதையை அகலமாக வைத்து, கல்லும் விறகும் குவியாமல் பார்த்து, இரவில் விளக்கோடு நடந்தால் போதும். நம் வாப்பாமார் அப்படித்தான் வாழ்ந்தார்கள்.

வேறொரு தவறும் நேர்ந்துவிடக் கூடாது. புல்தரையை எடுத்துவிட்டு வருவது வரட்டும் என்று விட்டால், முதலில் வருவது பார்த்தீனியமும் சீமைக்கருவேலமும் உண்ணிச்செடியுமே. மூன்றும் அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்தவை. நம் செடிகளை நெருக்கி அழிப்பவை. பார்த்தீனியம் தோலில் அரிப்பும் மூச்சிரைப்பும் தரும். பூக்குமுன் கையுறையிட்டு வேரோடு பிடுங்க வேண்டும். ஆகவே இது சோம்பலுக்கு நாம் கொடுக்கும் ஃபத்வா அன்று. முதல் இரண்டு ஆண்டுகள் உழைப்பு உண்டு.

செய்ய விரும்புவோர் ஆடியில் புல்லைச் சுரண்டியெடுத்து மண்ணைக் கிளறி ஆறவிடலாம். உரம் வேண்டாம், கொழுத்த மண்ணில் முரட்டுச் செடிகளே முந்தும். தும்பை, துத்தி, ஆவாரை, விஷ்ணுகிரந்தி விதைகள் எந்தக் கடையிலும் தேட வேண்டியவை அல்ல. தையிலும் மாசியிலும் ஊர்ப்புறத் தரிசில் முற்றி நிற்கும். மக்தப் பிள்ளைகளை ஒரு வெள்ளிக்கிழமை மாலை அழைத்துச்சென்றால் பை நிறையக் கொண்டுவருவார்கள்; பெயரும் கற்றுக்கொள்வார்கள். உலர்த்தி வைத்துப் புரட்டாசிக் கடைசியில் மணலோடு கலந்து தூவ வேண்டும். ஐப்பசி மழை எஞ்சியதைப் பார்த்துக்கொள்ளும். மழை பிந்தினால் முளைவிட்ட நாட்களில் மட்டும் கொஞ்சம் தெளிக்கலாம். பங்குனியில் விதை உதிர்ந்தபின் ஒருமுறை அரிவாளால் அறுத்துவிட்டால் ஆண்டின் வேலை முடிந்தது. அறுத்ததில் புல்லைப் பிரித்து, தெருவில் ஆடு வளர்க்கும் வீட்டுக்குக் கொடுத்தனுப்புங்கள்.